தொற்றும் பரம்பரை: சிறுநீர்த்தொகுதிக் கிருமிகளின் மருந்தெதிர்ப்பு குறித்து ஒரு வரலாற்று நோக்கு

வட்டுக்கோட்டை என்ற பெயர் இன்று பலருக்கு 1976ஆம் ஆண்டின் அரசியல் தீர்மானத்தையே நினைவூட்டும். கல்வி வரலாற்றை ஆராய்வோர்க்கு அப்பெயர் 1823இல் அமெரிக்க மிஷனரிமார் அங்கு நிறுவிய செமினரியை நினைவூட்டும். இக்கட்டுரை அவ்வூரோடு தொடர்புடைய மூன்றாவதொரு செய்தியிலிருந்து தொடங்குகின்றது. 1847இல், சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் இருபத்தைந்து வயது அமெரிக்க வைத்தியர் வட்டுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். மறு ஆண்டு அவர் மானிப்பாய்க்கு மாறினார். அவ்வூரே பின்னர் அவருடைய மருத்துவப் பணியின் நிலைக்களமாயிற்று.

கிறீன் தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே வைத்தியம் கற்பித்தார். 1864ஆம் ஆண்டளவில் தமிழிலே கற்பிக்கத் துணிந்தார். சமயப் பரப்பே அவரை அனுப்பியோரின் முதல் நோக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் அப்பணியின் விளைவாகத் தமிழுக்குக் கிடைத்தவை அந்நோக்கத்தைக் கடந்து நிற்பன. 'இரணவைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. மேனாட்டு மருத்துவத்தைத் தமிழ் மாணவன் தன் மொழியிலேயே கற்றுத் தேறலாம் என்பதை வாதத்தினால் அன்றி நூல்களினாலும் மாணவர்களினாலும் மெய்ப்பித்தவர் அவர். கலைச்சொல்லாக்கத்தில் அவர் கைக்கொண்ட நெறி எளியது: முதலில் தமிழில் தேடுவது; கிடையாதவிடத்து வடமொழியை நாடுவது; அதுவும் உதவாதவிடத்து மூலச்சொல்லையே தமிழோசைக்கு இயைய எழுதிக்கொள்வது. 'கெமிஸ்தம்' என்ற தலைப்பே மூன்றாம் வழிக்குச் சான்று.

கிறீன் 1884இல் தம் தாயகத்தில் மறைந்தார். அடுத்த ஆண்டிலே, 1885இல், தியோடோர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர் ஜேர்மனியில் குழந்தைகளின் மலத்திலிருந்து ஒரு பற்றீரியாவை வேறாக்கி விவரித்தார். பின்னர் அவர் பெயராலேயே எஷரிக்கியா கோலை என வழங்கலான அவ்வுயிர் கிறீனுடைய நூல்களில் இடம்பெற்றிருக்க வழியில்லை. ஒரே ஓராண்டு இடைவெளி. ஆயின் அந்த இடைவெளிக்குப் பின் நுண்ணுயிரியலும், அதன் வழிவந்த பரம்பரையியலும் யாழ்ப்பாணத்தில் கற்கப்பட்டது ஆங்கிலத்திலேதான். பிற்காலத்தில் பாடசாலைகளுக்காகத் தமிழிற் கலைச்சொற்கள் ஆக்கப்பட்டபோது, உயிரியல் இயல்புகளைக் கடத்தும் அடிப்படைக் கூறுக்குப் 'பரம்பரையலகு' என்ற பெயர் இலங்கையில் நிலைபெற்றது. தமிழகத்தார் 'மரபணு' என்பர். இரண்டுமே தந்தையிடமிருந்து மைந்தனுக்கு, விதையிலிருந்து முளைக்கு என்ற நேர்வழியைக் கருதி எழுந்த சொற்கள். கடந்த எண்பது ஆண்டுகளில் பற்றீரியாக்கள் மருந்துகளை எதிர்த்து நின்ற வரலாறு இச்சொல்லின் பொருளையே அசைத்துவிட்ட வரலாறாகும். அவ்வசைவு எவ்வாறு நேர்ந்தது, அதனால் நாம் யாரைக் குற்றஞ்சாட்டப் பழகிவிட்டோம் என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன. அதற்குச் சிறுநீர்த்தொகுதித் தொற்று மிகப் பொருத்தமான வாயில்.

நீர்க்கடுப்பு என்று நம்மவர் கூறும் துன்பத்தைப் பெரும்பாலும் 'சூடு' என்று கொள்வது நம் வழக்கு. சிறுநீரைக் கொண்டு நோயறிவது நமக்குப் புதியதன்று. நீர்க்குறி, நெய்க்குறி என்பன சித்தவைத்தியத்தில் நெடுநாளாகப் பேசப்படுவன. நுண்ணுயிரியல் கூறும் செய்தி வேறு. குடலில் இயல்பாகவும் பெரும்பாலும் தீங்கின்றியும் வாழும் எஷரிக்கியா கோலை, சிறுநீர்வழியே ஏறிச் சிறுநீர்ப்பையை அடைந்து, அதன் சுவரைச் சிறு தும்புகளாற் பற்றிக்கொண்டு பெருகுகின்றது. ஊரவரிடையே தோன்றும் இத்தொற்றுக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கு அதுவே காரணம். உடலமைப்பின் காரணமாகப் பெண்களுக்கே இது மிகுதி. நாள் முழுதும் நீர் குறைவாக அருந்தி, ஒதுங்க இடமின்றி அடக்கிக்கொண்டு வயலிலும் தொழிற்சாலையிலும் நிற்க வேண்டிய பெண்ணின் நிலை இதனை மேலும் கடுமையாக்கும். கருவுற்ற காலத்தில் இதனைக் கவனியாது விடின் சிறுநீரகம் வரை தொற்று ஏறும்; சிலருக்கு அது குருதியிற் பரவி உயிரையும் பறிக்கும். மருந்துள்ள வரையில் இஃது எளிய நோய். மருந்து தோற்றால் எளிய நோயன்று.

மருந்தின் காலம் 1935இல் தொடங்கிற்று எனலாம். அவ்வாண்டு ஜேர்மனியில் டொமாக் வெளியிட்ட ஆய்வின் வழி வந்த சல்போனமைட்டு மருந்துகள், நீர்க்கடுப்பை ஒரு சில நாளிலே தீர்க்கும் வல்லமையை மருத்துவர்க்கு முதன்முதலாக அளித்தன. பெனிசிலினின் கதை 1928இல் பிளெமிங்கிற் தொடங்கினும், மருந்தாக அது உருப்பெற்றது ஒக்ஸ்போட்டிலேயே. 1941 பெப்புருவரியில் அங்கு ஒரு காவலருக்கு அது ஏற்றப்பட்டது. மருந்தோ அரிது; ஆதலால் அவருடைய சிறுநீரைச் சேகரித்து, அதில் வெளியேறிய பெனிசிலினை மீளப் பிரித்தெடுத்து மறுபடியும் அவருக்கே ஏற்றினர். அவர் தேறி வந்தார், மருந்து தீர்ந்ததும் நோய் மீண்டது, மார்ச்சில் இறந்தார். சிறுநீர்ச் சாடி ஒன்று நவீன மருத்துவ வரலாற்றின் வாயிலில் நிற்பதை இங்கு மனங்கொள்ளலாம். இவ்வரலாற்றில் அது மீண்டும் மீண்டும் வரும்.

ஆயின் அக்காவலருக்கு ஊசி ஏற்றப்படுவதற்கு முன்னரே மற்றொரு செய்தி வெளியாகிவிட்டது. 1940 டிசம்பரில் ஏபிரகாம், செயின் என்னும் இருவர், பெனிசிலினைச் சிதைக்கும் நொதியமொன்றைப் பற்றீரியாவில் கண்டதாக அறிவித்தனர். அப்பற்றீரியா எது? எஷரிக்கியா கோலை. மருந்து மனிதனை அடையுமுன்னரே அதனை முறிக்கும் கருவி கிருமியிடம் இருந்தது. மருந்தெதிர்ப்பு என்பது மனிதன் மருந்தைத் தவறாக உண்டதனால் பிறந்த புதுமை என்ற எளிய எண்ணத்தை இந்த ஒரு தேதியே ஐயத்துக்குள்ளாக்குகின்றது. பூஞ்சணங்களும் மண்வாழ் பற்றீரியாக்களும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றையொன்று தாக்கிப் பயன்படுத்தி வந்த படைக்கலங்களையே நாம் மருந்தென எடுத்துக்கொண்டோம். அவற்றிற்கான கேடயங்களும் அதே பழைமையுடையன.

எதிர்ப்பு எவ்வாறு தோன்றுகின்றது என்பதற்கு முதல் விடை 1943இல் கிடைத்தது. பற்றீரியாக்களை அழிக்கும் வைரசுகளைக் கொண்டு எஷரிக்கியா கோலையில் ஆய்வு நிகழ்த்திய லூரியாவும் டெல்புறூக்கும், எதிர்த்து நிற்கும் இயல்பு தாக்குதலைக் கண்டு கிருமி கற்றுக்கொள்வதன்று, தாக்குதலுக்கு முன்னரே தற்செயலாகத் தோன்றிய விகாரம் என்பதைக் கணிதமுறையால் நிறுவினர். லெடபேர்க் தம்பதியர் 1952இல், ஒரே பற்றீரியாக் கூட்டங்களைப் பல தட்டுக்களில் படியெடுக்கும் முறையால் அதனை நேரிற் காட்டினர். மருந்து எதிர்ப்பை ஆக்குவதில்லை. இருப்பதைத் தெரிகின்றது, பெருக்குகின்றது.

இதன் வலிமையை ஒரு சிறு கணக்கால் உணரலாம். சிறுநீரின் ஒரு மில்லிலீற்றரில் 1,00,000 பற்றீரியாக்கள் இருப்பின் தொற்று எனக் கொள்ளும் அளவுகோலை 1956இல் பொஸ்தன் நகரத்துக் காஸ் வகுத்தார். சிறுநீர்ப்பையில் 300 மில்லிலீற்றர் இருப்பின் அந்த அளவிலேயே மூன்று கோடி பற்றீரியாக்கள் ஆகின்றன. கடுந்தொற்றில் இதன் பன்மடங்கு. ஒரு குறிப்பிட்ட விகாரம் பத்துக் கோடிப் பிரிவுக்கு ஒரு முறையே நேரும் எனக் கொண்டாலும், ஒரு வாட்டிலுள்ள சில நோயாளிகளிடையே அது எங்கோ ஏற்கெனவே நேர்ந்திருக்கும். அரிது என்ற சொல் பற்றீரியா உலகில் நமக்குரிய பொருளை உடையதன்று.

இவ்வகை எதிர்ப்புக்குச் சிறந்த எடுத்துக்காட்டு நலிடிக்சிக் அமிலம். மலேரியா மருந்தாகிய குளோரோகுயினைத் தொகுக்கும் முயற்சியிற் கிடைத்த பக்கவிளைபொருளொன்றை அடியொற்றி 1962இல் உருவான அது, சிறுநீர்த்தொகுதித் தொற்றுக்கெனவே வழங்கப்பட்டது. டி.என்.ஏ. இழையை முறுக்கும் ஜைரேசு என்னும் நொதியத்தை அது தடுக்கின்றது. அந்நொதியம் 1976இல் இனங்காணப்பட்டது. எஷரிக்கியா கோலையின் ஜைரேசில், 83ஆம் இடத்திலுள்ள செரீன் என்ற ஓர் அமினோ அமிலம் மாறினாற் போதும். மருந்து பற்றுதற்கு இடமின்றிப் போகின்றது. பின்வந்த சிப்ரோபுளொக்சசின் முதலியன வலிமை மிக்கனவாயினும் தாக்கும் இலக்கு அதுவே. இவ்வெதிர்ப்பு தாய்க்கலத்திலிருந்து சேய்க்கலத்திற்குச் செல்வது. பரம்பரையலகு என்ற சொல் இங்கு எவ்விதக் குறையுமின்றிப் பொருந்துகின்றது. இதுவரை நம் அகராதிக்கு இடரில்லை.

இடர் யப்பானில் தோன்றியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டில் வயிற்றுளைவு பெருகியிருந்தது. அதற்குச் சல்போனமைட்டுக்கள் தாராளமாக வழங்கப்பட்டன. சில ஆண்டுகளில் அவை பயனற்றுப்போயின. ஸ்ரெப்ரோமைசின், குளோரம்பெனிக்கோல், தெற்றாசைக்கிளின் ஆகியன வந்தன. 1955இல், இந்நான்கையும் ஒருசேர எதிர்க்கும் சிகெல்லாக் கிருமி ஒரு நோயாளியிடம் காணப்பட்டது. தனித்தனி விகாரங்கள் நான்கும் ஒரே கலத்தில் ஒருங்கே நேர்வதற்கான வாய்ப்பைக் கணக்கிட்டால், உலகிலுள்ள பற்றீரியாக்கள் யாவும் போதா. அதனினும் வியப்பு, ஒரே கொள்ளைநோயிற் சிலரிடம் எதிர்ப்புள்ள கிருமியும் சிலரிடம் எதிர்ப்பற்ற அதே கிருமியும் இருந்தமை. அவர்களுட் சிலருடைய குடலில் வாழ்ந்த எஷரிக்கியா கோலையும் அதே நான்கு மருந்துகளை எதிர்த்தமை. 1959ஐ ஒட்டி ஒச்சியாய், அக்கிபா முதலியோர் இரு இனங்களையும் ஒரே ஊடகத்தில் கலந்து வளர்த்து, எதிர்ப்பு முழுத்தொகுதியாக ஓர் இனத்திலிருந்து மற்றோர் இனத்துக்குத் தாவுவதைக் காட்டினர். தந்தை மைந்தனுக்குக் கொடுத்தது அன்று. அயலான் அயலானுக்குக் கொடுத்தது.

இந்த முடிவுகள் முதலில் யப்பானிய மொழியிலேயே வெளிவந்தன. மேற்குலகம் சில ஆண்டுகள் அவற்றைப் பெரிதும் அறியாமலே இருந்தது. சுத்தோமு வத்தனாபே 1963இல் ஆங்கிலத்தில் எழுதிய விரிவான மதிப்பீட்டின் பின்னரே அவை உலகின் பேசுபொருளாயின. ஆங்கிலத்தில் இல்லாதது அறிவன்று என்னும் மனப்பாங்குக்கு மருத்துவ உலகம் கொடுத்த விலைகளுள் இதுவும் ஒன்று. ஆயின் இச்செய்தியை மறுபுறமாகவும் பார்க்க வேண்டும். யப்பானியர் தம் மொழியிலே நுண்ணுயிரியலைக் கற்று, தம் மொழியிலேயே முதன்மையான கண்டுபிடிப்பை எழுதக்கூடியவராய் இருந்தனர். 1864இல் மானிப்பாயில் இடப்பட்ட அடித்தளம் தொடர்ந்து கட்டப்பட்டிருப்பின் என்னவாயிருக்கும் என்ற எண்ணம் இவ்விடத்தில் எழாமற் போகாது. அது வெறும் எண்ணமே, வரலாற்றாய்வன்று.

வத்தனாபே தம் கட்டுரைத் தலைப்பில் ஒரு தொடரைக் கையாண்டார். தமிழில் அதனைத் 'தொற்றும் பரம்பரை' எனலாம். முரண்போலத் தோன்றும் இத்தொடர் முற்றிலும் துல்லியமானது. நிறமூர்த்தத்துக்குப் புறம்பாக, பற்றீரியாக் கலத்தினுள் தனியே வளையமாய்க் கிடக்கும் சிறு டி.என்.ஏ. உண்டு. லெடபேர்க் 1952இல் இத்தகையனவற்றுக்குப் பிளாஸ்மிட் எனப் பெயரிட்டிருந்தார். இரு கலங்கள் நுண்குழலால் தொடர்புறும்போது, வளையத்தின் படியொன்று மற்றக் கலத்துக்குள் புகுகின்றது. கொடுத்ததும் இழப்பதில்லை, பெற்றதும் மேலும் கொடுக்க வல்லதாகின்றது. நோய் தொற்றுவதுபோல நோய்க்கிருமியின் இயல்பும் தொற்றுகின்றது. பரம்பரை என்ற சொல்லுக்குள் தொற்று என்ற சொல் புகுந்துவிட்டது.

இலண்டனில் நயோமி தத்தா 1962இல் இதே நிகழ்வைச் சல்மொனெல்லாவில் காட்டினார். 1965இல் அவரும் கிரேக்க ஆய்வாளர் கொந்தொமிக்கலூவும், ஏதென்சு நோயாளி ஒருவரிடமிருந்து பெற்ற எஷரிக்கியா கோலையில், அம்பிசிலினைச் சிதைக்கும் நொதியத்தின் பரம்பரையலகு பிளாஸ்மிட்டில் இருப்பதை வெளிப்படுத்தினர். நோயாளியின் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு அந்நொதியம் டெம் எனப்பட்டது. அம்பிசிலின் விற்பனைக்கு வந்து அப்போது நான்கு ஆண்டுகளே. இன்று சிறுநீர்த்தொகுதிக் கிருமிகளில் மிகப் பரவலாகக் காணப்படும் எதிர்ப்பு நொதியங்களில் அதுவும் ஒன்று.

தத்தாவின் வேறோர் ஆய்வு அதனினும் பொருள்பொதிந்ததென்பது என் கருத்து. மறே என்ற நுண்ணுயிரியலாளர் 1917க்கும் 1954க்கும் இடையில் பல நாடுகளிலிருந்து பெற்ற குடற்பற்றீரியாக்களைச் சேமித்து வைத்திருந்தார். நுண்ணுயிர்கொல்லிகள் பரவுமுன் வாழ்ந்த கிருமிகளின் அருங்காட்சியகம் அது எனலாம். தத்தாவும் ஹியூசும் 1983இல் அவற்றை எழுப்பி ஆராய்ந்தனர். ஏறத்தாழ நான்கிலொரு பங்கில், கலம் விட்டுக் கலம் தாவவல்ல பிளாஸ்மிட்டுக்கள் இருந்தன. ஆயின் அவற்றில் மருந்தெதிர்ப்புப் பரம்பரையலகு எதுவும் இல்லை. வண்டிகள் முன்னமே ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் இச்சரக்கு ஏற்றப்பட்டது நம் காலத்திலே. சரக்கும் பழையது, வண்டியும் பழையது. ஏற்றியது இருபதாம் நூற்றாண்டின் மருந்துப் பயன்பாடு. முன்னர்க் கூறிய 1940ஆம் ஆண்டுச் செய்தியையும் இதனையும் சேர்த்தே படித்தல் வேண்டும். ஒன்றை மட்டும் படிப்போர் இயற்கையின்மேற் பழி போட்டுவிடுவர். மற்றதை மட்டும் படிப்போர் இயற்கையை மறந்துவிடுவர்.

ஏற்றும் பொறியும் விரைவில் அறியப்பட்டது. டி.என்.ஏ. துண்டமொன்று பிளாஸ்மிட்டிலிருந்து பிளாஸ்மிட்டுக்கும் நிறமூர்த்தத்துக்கும் இடம்பெயர்வதை 1974இல் ஹெட்ஜசும் ஜேக்கப்பும் கண்டனர். ஒரு மருந்துக்கான எதிர்ப்பு மற்றவற்றுக்கான எதிர்ப்புக்களோடு ஒரே மாலையிற் கோக்கப்படுவதற்கு இத்தகைய இடம்பெயர்வுகளே காரணம். ஆகவே ஒரு மருந்தைப் பயன்படுத்தும்போது மாலையிலுள்ள ஏனையவற்றுக்கான எதிர்ப்பும் உடன் தெரிவுறுகின்றது. சிறுநீர்த்தொகுதித் தொற்றுக்குப் பெரிதும் வழங்கிய திரைமெதோபிரிம் பிரித்தானியாவில் 1968இல் சல்பாவோடு சேர்த்து அறிமுகமாயிற்று. பிளாஸ்மிட் வழியான எதிர்ப்பு 1972இல் இலண்டனில் அறிவிக்கப்பட்டது.

அதே 1972இல் இலங்கையில் வேறொரு முயற்சி செயற்படத் தொடங்கியது. மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலேயும் மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டிருந்தது. பிபிலே அதன் முதற் தலைவர். உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்குதல், வணிகப் பெயரை விடுத்துப் பொதுப்பெயரால் வழங்குதல், நாட்டுக்குத் தேவையான மருந்துகள் இவை என அறிவியல் முறையில் தெரிதல் என்பன அதன் நெறிகள். இறக்குமதியான ஏறத்தாழ 2,100 மருந்துகள் ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டன. பன்னாட்டு நிறுவனங்களின் எதிர்ப்பு உடனெழுந்தது. 1974இல் வாந்திபேதி பரவியபோது, கூட்டுத்தாபனம் வேறிடத்தில் வாங்கிய தெற்றாசைக்கிளின் மூலப்பொருளைக் கூட்டில் அடைத்துத்தர பன்னாட்டு நிறுவனமொன்று மறுக்க, நாடு அம்மருந்தை மிகுவிலையில் விமானமூலம் தருவிக்க நேர்ந்தது. பிபிலேயும் பொருளியலாளர் சஞ்சய லாலும் 1977இல் எழுதிய கட்டுரை இம்முயற்சியின் அரசியற் பொருளாதாரத்தை விரித்துரைக்கும். அவ்வாண்டிலேயே பிபிலே கயானாவில் மறைந்தார். இலங்கையில் ஆட்சியும் பொருளாதாரக் கொள்கையும் மாறின.

பிபிலே மருந்தெதிர்ப்பைத் தடுக்கவே இவற்றைச் செய்தார் என்று கூறுவது மிகை. அவர் கவலை விலையும் அந்நியச் செலாவணியும் ஏழை நோயாளியும் ஆகும். எனினும் பரம்பரையியல் கண்ணால் நோக்கும்போது அக்கொள்கைக்கு அவர் கருதாத ஒரு பயனும் புலப்படுகின்றது. ஒரு நாட்டின் குடல்களிலும் நீர்நிலைகளிலும் வாழும் பற்றீரியாக்கள்மேல் எவ்வளவு மருந்து, எத்தனை வகை மருந்து பொழியப்படுகின்றது என்பதே எந்தப் பிளாஸ்மிட் பெருகும் என்பதை முடிவுசெய்கின்றது. அந்த அளவைத் தீர்மானிப்பது மருத்துவரின் பேனா மட்டுமன்று. இறக்குமதிக் கொள்கையும் விற்பனைப் பிரதிநிதியின் கைப்பையுமே. தேவையற்ற மருந்தை நாட்டுக்குள் விடாமையினும் சிறந்த மருந்துக் கட்டுப்பாடு இல்லை.

இதற்கிடையில் ஒரு நம்பிக்கை மட்டும் நின்றது. சிப்ரோபுளொக்சசின் வகைக்கு எதிர்ப்பு நிறமூர்த்த விகாரத்தால் மட்டுமே வரும், பிளாஸ்மிட்டால் தாவாது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பேர்மிங்காமில் 1994இல் பெறப்பட்ட சிறுநீர் மாதிரியொன்றிலிருந்த கிளெப்சியெல்லாக் கிருமி, 1998இல் அந்நம்பிக்கையைத் தகர்த்தது. அதன் பிளாஸ்மிட்டிலிருந்த கியூ.என்.ஆர். என்னும் பரம்பரையலகு ஜைரேசை மருந்திடமிருந்து காக்கும் புரதமொன்றை ஆக்கியது. அதன் மூலம் நீர்வாழ் பற்றீரியாவொன்றில் இருப்பது பின்னர்த் தெரியவந்தது. செபலொஸ்போரின்களைச் சிதைக்கும் சி.டி.எக்ஸ்.-எம். நொதியங்களும் அவ்வாறே, குளுவேரா என்ற, நோய் விளைப்பதில் பெயர்பெறாத பற்றீரியாவே அவற்றின் பிறப்பிடம். அப்பெயரின் ஈற்றெழுத்து மியூனிக் நகரைக் குறிக்கும். அவற்றுள் இன்று உலகெங்கும் மிகப் பரந்துள்ள பதினைந்தாம் வகை, 1999இல் புதுதில்லியிற் பெற்ற கிருமிகளில் முதலில் விவரிக்கப்பட்டது.

2008 ஜனவரியில் சுவீடனில் மற்றொரு சிறுநீர் மாதிரி. நோயாளி 59 வயதான இந்திய வம்சாவளியினர், நீரிழிவுடையவர், அதற்குச் சற்று முன்னர் புதுதில்லியில் மருத்துவமனையில் இருந்தவர். அம்மாதிரியிலிருந்த கிளெப்சியெல்லா, இறுதிப் புகலென வைத்திருந்த கார்பபெனெம் மருந்துகளையும் எதிர்த்தது. நாகத்தைத் துணைக்கொண்டு மருந்தைச் சிதைக்கும் அந்நொதியத்துக்கு என்.டி.எம்.-1 எனப் பெயரிட்டு 2009 டிசம்பரில் அறிவித்தனர். அதே நோயாளியின் மலத்திலிருந்த எஷரிக்கியா கோலையிலும் அதே பரம்பரையலகு பின்னர்க் காணப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு முன் யப்பானியர் கண்டது மீண்டும் ஒரு மனிதக் குடலில் நிகழ்ந்திருந்தது.

2010இல் இது பற்றி வெளிவந்த பெரிய ஆய்வின் முதலாசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. என்.டி.எம்.-1 உடைய கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரித்தானியாவில் 37, இந்தியா, பாக்கிஸ்தானின் ஏனைய இடங்களில் 73 என அதிற் கண்டறியப்பட்டன. இந்தியாவில் எழுந்த கொந்தளிப்பு அறிவியல் பற்றியதன்று, பெயர் பற்றியது. தலைநகரின் பெயரைக் கிருமியோடு இணைத்தது மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சூழ்ச்சி என்றனர். இந்தியாவிற் சத்திரசிகிச்சையைத் தவிர்க்க அறிவுறுத்திய பகுதியோடு தாம் உடன்படவில்லை என முதலாசிரியரே வெளிப்படக் கூறினார்.

இதில் இரு தரப்பும் தவறின என்றே தோன்றுகின்றது. மியூனிக்கின் பெயரால் ஒரு நொதியமும், இத்தாலியின் வெரோனாவின் பெயரால் மற்றொன்றும் வழங்கியபோது அந்நகரங்களுக்கு எவரும் செல்ல வேண்டாம் என்று எழுதியவர் இல்லை. ஏழை நாட்டின் நகருக்கு மட்டும் பெயர் பழியாகின்றது. அதே வேளை, பெயருக்காகச் சினந்த அரசு, அப்பெயரைப் பெற்றுத்தந்த சாக்கடைக்காகச் சினக்கவில்லை. 2010இல் தில்லியில் எடுத்து 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வில், தெருவில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளுள் 51இலும், குழாய்நீரின் 50 மாதிரிகளுள் 2இலும் அப்பரம்பரையலகு இருந்தது. மருத்துவமனைக்கு ஒருபோதும் செல்லாதவரும் அதனைப் பருகக்கூடும். சென்னையிலேயே 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடி மருந்துப் பயன்பாட்டுக்கான பிரகடனமொன்றை ஆக்கின. 2014இலிருந்து சில நுண்ணுயிர்கொல்லிகளின் விற்பனைக்குத் தனிப் பதிவேடு இந்தியாவில் கட்டாயமாயிற்று. இவை வரவேற்கத்தக்கன. ஆயின் பதிவேட்டில் நீர் எழுதப்படுவதில்லை.

நீரைப் பற்றிப் பேசும்போது மீண்டும் வட்டுக்கோட்டைக்கு வருதல் தகும். வலிகாமம் முழுவதும் சுண்ணக்கல்மேல் அமைந்தது. வற்றாத ஆறில்லாத அக்குடாநாட்டிற் குடிநீர் பெரும்பாலும் கிணற்றிலிருந்தே பெறப்பட்டு வந்துள்ளது. சுண்ணக்கல்லின் வெடிப்புக்களூடாக மேலே விழுவது விரைவிற் கீழே செல்லும். சிறு காணித்துண்டில் மலக்குழியும் கிணறும் அண்மித்து அமையுமிடத்து, ஒன்றிலுள்ள குடற்பற்றீரியா மற்றதை அடைவதற்கு அதிக காலம் வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் மலப்பற்றீரியா காணப்படுவது ஆய்வாளர் பலர் சுட்டிய ஒன்று. எந்தப் பிளாஸ்மிட் எந்தக் கிணற்றில் உள்ளது என்பதன்று இங்கு நான் கூறவந்தது. தொற்றும் பரம்பரைக்கு வேண்டிய வழி நம் முற்றத்திலேயே திறந்திருக்கின்றது என்பதே. 1974இல் தொடங்கிய யாழ்ப்பாண வளாகத்தின் விஞ்ஞானபீடம் முதலில் இயங்கியது வட்டுக்கோட்டையிலே, யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவிருந்த கட்டடங்களில். மருத்துவபீடம் 1978இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிற்று. கிணற்றையும் சிறுநீர் மாதிரியையும் ஒரே ஆய்வில் இணைத்து நோக்கும் வசதி அவ்விரு துறைகளும் உள்ள பல்கலைக்கழகத்துக்கு உண்டு.

நோயாளிக்குக் கூறப்படும் அறிவுரையோ பெரும்பாலும் ஒன்றே: குளிசையை இடையில் நிறுத்தியதால் எதிர்ப்பு வந்தது. இவ்வுரைக்கான சான்று எண்ணியதைவிட மெலிந்தது என 2017இல் பிரித்தானிய மருத்துவ ஆய்வாளர் சிலர் எழுதினர். வேண்டியதினும் நீண்ட நாள் உண்பதும் குடற்பற்றீரியாக்களிடையே எதிர்ப்பைத் தெரிவுசெய்யும் என்றனர். எத்தனை நாள் என்பது மருத்துவர் முடிவுசெய்ய வேண்டியது. ஆயின் குடல், கிணறு, சாக்கடை, மருந்துக்கடை, இறக்குமதிக் கொள்கை என்பனவற்றூடாகத் தாவிவந்த வளையமொன்றின் முழுவரலாற்றையும் ஒரு பெண் மறந்த இரண்டு குளிசைகளின்மேல் சுமத்துவது அறிவியலும் அன்று, நீதியும் அன்று. பரம்பரை என்ற சொல்லின் பழைய பொருளே இத்தவற்றுக்கு ஒருவகையில் துணைபோகின்றது. இவளுடைய கிருமி, இவளுடைய எதிர்ப்பு, இவளுடைய தவறு என்று அது எண்ணவைக்கின்றது.

சொல்லை மாற்ற வேண்டும் என்று நான் வாதிடவில்லை. பரம்பரையலகு நிலைபெற்றுவிட்ட சொல். பிளாஸ்மிட் என்பதைக் கிறீனின் மூன்றாம் வழிப்படி அவ்வாறே கொள்ளலாம். வேண்டியது, அச்சொற்களைக் கொண்டு நோயாளியோடு பேசும் பழக்கம். இன்று ஆய்வுகூடத்திலிருந்து வரும் சிறுநீர் அறிக்கையில் மருந்துகளின் பெயர்கள் ஆங்கிலத்தில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் எதிரேயும் ஓர் ஆங்கில எழுத்து. 'எஸ்' எனின் மருந்து பயன்படும். 'ஆர்' எனின் எதிர்ப்புண்டு. அம்பிசிலினுக்கு எதிரே உள்ள எழுத்து ஏதென்சையும், நலிடிக்சிக் அமிலத்துக்கு எதிரே உள்ளது ஜைரேசின் 83ஆம் இடத்தையும், கார்பபெனெமுக்கு எதிரே உள்ளது தில்லியின் தெருநீரையும் பற்றியதாயிருத்தல் கூடும். தாளைக் கையிற் பிடித்துக்கொண்டு வெளிநோயாளர் வரிசையில் நிற்பவளுக்கு அதில் வாசிக்கக்கூடியதாக இருப்பது பெரும்பாலும் தன் பெயர் மட்டுமே, அதுவும் ஆங்கிலத்தில்.